1935ல வந்த ஆல் ஜோல்சன் – ரூபி கீலர் பாட்டுப் படம், அப்பச்சி சாந்திக்குப் போடலாமா?

கானாடுகாத்தான் பையன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

அப்பச்சிக்கு (எங்க பக்கம் அப்பாவ அப்படித்தான் கூப்பிடுவோம்) தை மாசம் சாந்தி, அதான் அறுபதாங்கல்யாணம். ஊர்ல பெரிய வீட்டுலதான் வச்சிருக்கோம். வருஷத்துல பாதி நாள் பூட்டியே கெடக்குற வீடு, அதனால போன மாசமே போயி தூசி தட்டி ஒதுங்க வைக்க ஆரம்பிச்சாச்சு. ரெண்டாங்கட்டுல ஒரு இருட்டு ரூமு, அதுல ஒரு மரப்பெட்டி, தொறந்தா பூரா கிராமபோன் பிளேட்டு. எங்க அப்பத்தாவோட மாமனார் ரங்கூன்ல மொகல் தெருக் கடையில மேலாளா இருந்தவுக, மூணு வருஷக் கணக்கு முடிஞ்சு ஊருக்கு வரும்போதெல்லாம் எதாவது ஒரு சாமான் கப்பல்ல வரும், அப்படி வந்த பெட்டிதான் இதுன்னு அப்பத்தா சொன்னாக. பெரும்பாலும் நாடகப் பாட்டு. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் அந்த மாதிரி. நடுவுல ஒரே ஒரு இங்கிலீஷ் பிளேட்டு. 'அபவுட் எ குவார்ட்டர் டு நைன்'னு போட்டிருந்துச்சு, ஏதோ ஒரு டான்ஸ் பேண்டு வாசிச்சது. நடுவுல விரிசல் விட்டுப்போச்சு, ஓடாது.

பாட்டு எதுல வருதுன்னு தேடிப் பாத்தா 1935 படம், 'கோ இன்டூ யுவர் டான்ஸ்'. வார்னர் பிரதர்ஸ் கம்பெனி, ஆர்ச்சி மேயோ டைரக்‌ஷன். சரி பாத்துருவோம்னு போன்லயே ரெண்டு ராத்திரி பாத்தேன்.

உண்மையச் சொல்றேன், மொத அரைமணி நேரம் கொட்டாவிதான். பெரிய மேடைப் பாட்டுக்காரன் ஒருத்தன், நெனச்சா ஷோவப் பாதியில விட்டுட்டுப் போயிருவான், அதனால எவனும் அவனுக்கு வேலை குடுக்க மாட்டேங்குறான், அக்கா தங்கச்சி யாரோ ஒருத்தி அவனத் தேடிப் பிடிச்சு ஒரு டான்ஸ் ஆடுற பொண்ணோட ஜோடி சேத்து விடுறா, அந்தப் பொண்ணு இவன் மேல உயிரையே வச்சிருக்கு, இவனுக்குத் தெரியல. நைட் கிளப்பு, பணம் போடுற ரவுடி, ரவுடி பொண்டாட்டி, கடைசியில துப்பாக்கி. நம்ம ஊர்ல இந்தக் கதைய நூறு தடவ பாத்தாச்சு.

அப்புறம்தான் படிச்சேன், ஹீரோ ஆல் ஜோல்சனும் ஹீரோயின் ரூபி கீலரும் நெசத்துலயே புருசன் பொண்டாட்டியாம். 1928ல கல்யாணம், 1940ல விவாகரத்து, ரெண்டு பேரும் சேந்து நடிச்சது இந்த ஒரே படம்தான். அது தெரிஞ்சப்புறம் மறுபடி போட்டுப் பாத்தா வேற படமாத் தெரியுது. "இவன் என்னயப் பாக்க மாட்டேங்குறானே"ன்னு அந்தப் பொண்ணு கண்ணு கலங்குறப்ப நடிப்பா நெசமான்னு சந்தேகமே வந்துருச்சு.

சாந்திக்கு மொத நாள் ராத்திரி பங்காளி வீட்டு ஆளுக எல்லாம் வந்துருவாக, சமையக்காரங்க ஒரு பக்கம் வேலை பாத்துட்டு இருப்பாங்க, மத்தவுகளுக்கு வேலை இருக்காது. அப்ப வளவுல, அதான் வீட்டு நடு முற்றத்துல, புரொஜெக்டர் வச்சு நெசமான கணவன் மனைவி சேந்து நடிச்ச பாட்டா ஒரு ஒன்னரை மணி நேரம் ஓட்டலாம்னு ஒரு ஐடியா. ஆரம்பத்துல இந்தப் படத்துல இருந்து அந்தக் 'குவார்ட்டர் டு நைன்' பாட்டு, ஐயா வாங்கிட்டு வந்த பிளேட்டு வேற. ஆனா ரெண்டு சிக்கல். ஒன்னு, பெரியவுக உக்காருவாகளா? ரெண்டு, படத்துல ஒரு எடத்துல ஜோல்சன் மூஞ்சி பூரா கருப்பு பூசிட்டு வந்து பாடுறான், எனக்கே பாக்க ஒரு மாதிரியா இருந்துச்சு. வெளிநாட்டுல படிக்கிற பிள்ளைக எல்லாம் வரும். என்ன பண்ணலாம்?

பள்ளத்தூர் பாண்டி:

தம்பி நல்ல நாளும் அதுவுமா வெள்ளைக்காரன் பாட்டு எதுக்குப்பா. நானும் இந்தப் படத்த ஒரு காலத்துல பாத்திருக்கேன், ஜோல்சன் வாயத் தொறந்தா மூட மாட்டான், காது வலிக்கும். சிவாஜி பத்மினி டூயட்டு நாலு போடு, பெருசுக சந்தோசமா வெத்தல போட்டுட்டுப் பாக்கும். ராத்திரிப் பலகாரம் என்ன? கந்தரப்பம் உண்டா, அதச் சொல்லு மொதல்ல.

கானாடுகாத்தான் பையன்:

பாண்டியண்ணே, சிவாஜியும் பத்மினியும் புருசன் பொண்டாட்டி இல்லியே அண்ணே. கந்தரப்பம் உண்டு, வெள்ளப்பணியாரமும் உண்டு.

தேவகோட்டை ரஸ்தா:

தம்பி, நல்ல கேள்வி. நான் ரிட்டயர்டு ஆளு, நேரம் கெடக்கு, கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

அந்தாளு வாயத் தொறந்தா மூட மாட்டான்னு பாண்டி சொன்னது சரிதான், ஆனா ஏன் அப்படிப் பாடுறான்னு தெரிஞ்சுக்கிட்டா எரிச்சல் வராது. ஜோல்சன் சினிமாக்காரனே இல்ல, மேடைக்காரன். மைக்கு ஸ்பீக்கர் எதுவும் இல்லாத காலத்துல, கடைசி வரிசை கேலரி டிக்கெட்டுக்காரனுக்கும் வார்த்தை புரியிற மாதிரி பாடிப் பழகுன தொண்டை. நியூயார்க்குல வின்டர் கார்டன் தியேட்டர்ல ஜனங்களுக்கு நடுவுல நீளமா ஒரு பாலம் மாதிரி மேடை போட்டிருப்பாங்க, அதுல ஓடிவந்து மண்டி போட்டுப் பாடுவான். 1927ல 'தி ஜாஸ் சிங்கர்'ல பேசிப் பாடினது இந்த ஆளுதான், அதுக்கப்புறம்தான் ஹாலிவுட்டே பேசும் படத்துக்குத் திரும்புச்சு. பொறந்தது லித்துவேனியாவுல, 1886, யூதக் குடும்பம், அப்பா கோயில்ல பாடுறவரு. அந்தம்மா ரூபி கீலர் கனடாக்காரி, ரெண்டு பேருக்கும் இருபது வயசுக்கு மேல வித்தியாசம்.

இப்ப நம்மூருக்கு வாங்க. அந்தப் பெட்டியில கிட்டப்பா பிளேட்டு இருந்துச்சுன்னு சொன்னீங்கள்ல? அதேதான் இதுவும். கிட்டப்பா எட்டுக்கட்டையில எடுத்தா கொட்டகைக்கு வெளிய நிக்கிறவனுக்கும் கேக்குமாம், எங்க அப்பச்சி சொல்லுவாக. அவரும் சுந்தராம்பாளும் மேடையில ஜோடியாப் பாடிப் பாடியே கல்யாணம் ஆனவுக. ஆனா அவுக ரெண்டு பேரும் சேந்து ஒரு படம்கூட நடிக்கல, 1933ல முப்பது வயசு ஆகுறதுக்குள்ளயே கிட்டப்பா போயிட்டாரு. அந்தம்மா கடைசி வரைக்கும் வெள்ளைச் சேலைதான். இந்த ஜோல்சன் படம் வந்த அதே 1935லதான் அந்தம்மா 'நந்தனார்'ல ஆம்பள வேஷம் கட்டி நடிச்சாக, லட்ச ரூபா சம்பளம்னு ஊரே பேசுச்சு. உங்க ஐயா ஒரே பெட்டியில இந்த ரெண்டு ஜோடியையும் வச்சிருந்துருக்காக பாருங்க. நமக்கு கிட்டப்பாவையும் சுந்தராம்பாளையும் சேத்து ஒரு அடி பிலிமுல பாக்கக் குடுத்து வைக்கல, அமெரிக்காக்காரனுக்கு ஜோல்சனும் அவன் பொண்டாட்டியும் ஒன்னரை மணி நேரம் கெடச்சுருச்சு. அது சுமாரான படமா இருந்தா என்ன?

இன்னொன்னு. 1929ல ரூபி கீலர் ஒரு மேடை நாடகத்துல ஆடிட்டு இருந்துச்சு, 'ஷோ கேர்ள்'னு பேரு, கெர்ஷ்வின் மியூசிக். இந்தம்மா ஆட ஆரம்பிச்சதும் ஆடியன்ஸ்ல உக்காந்துருந்த ஜோல்சன் பட்டுனு எந்திரிச்சு நின்னு 'லைசா' பாட்டப் பாடிட்டானாம், அது அவளுக்கான பாட்டு. ஜனம் கை தட்டித் தள்ளிருச்சு. பொண்டாட்டி மேல பிரியம்னும் சொல்லலாம், அவ ஆடுற மேடையிலயும் வெளிச்சம் தன் மேலதான் விழணும்னு நெனச்சான்னும் சொல்லலாம். நான் ரெண்டுந்தான்னு நெனக்கிறேன். அத மனசுல வச்சுட்டு இந்தப் படத்துல அவன் பாடுற எடத்தப் பாருங்க, கண்ணு பக்கத்துல நிக்கிற அந்தம்மா மேல இருக்காது, தலைக்கு மேல எங்கயோ பால்கனியப் பாத்துட்டு இருக்கும். பழக்க தோஷம்.

சலங்கை காரைக்குடி:

வணக்கம். நான் காரைக்குடியில பிள்ளைகளுக்கு பரதம் சொல்லிக் குடுக்குறேன், இந்தத் திரியப் பாத்துட்டு நேத்து ராத்திரி அந்தப் படத்தத் தேடிப் பாத்தேன், அதனால டான்ஸ் பத்தி மட்டும் சொல்றேன்.

ரூபி கீலர் ஆடுறத இன்னைக்கு கண்ணுக்குப் பாத்தா "என்ன இது, யானை நடக்குற மாதிரி இருக்கே"ன்னு தோணும். எனக்கும் மொதல்ல அப்படித்தான் தோணுச்சு. கை ரெண்டும் எங்க வைக்கிறதுன்னு தெரியாம காத்துல அலையுது, கண்ணு பாதி நேரம் கீழ கால் மேலயே இருக்கு, எங்கிட்ட ஒரு பிள்ளை அப்படிக் கீழ பாத்து ஆடுனா "நிமிந்து பாரு"ன்னு தட்டுக்கழியத் தரையில ஒரு தட்டு தட்டிருப்பேன். ஆனா அந்தம்மா ஆடுறது அந்தக் காலத்து ஹாலிவுட் டான்ஸ் நடிகர் பிரெட் அஸ்டேர் மாதிரி வழுக்கிட்டுப் போற ஆட்டம் இல்ல. பக் டான்ஸ்னு சொல்லுவாங்க, இரும்புத் தகடு அடிச்ச ஷூ இல்லாம கட்டையான அடிப்பாகம் வச்ச ஷூ போட்டு, பாதத்த முழுசாத் தரையில எறக்கித் தட்டுறது. சத்தம் 'டிங்'னு வராது, 'தொம்'னு வரும். நம்ம தட்டடவு மாதிரி. அதுல கவனம் பூரா தாளத்துலதான். கண்ண மூடிட்டு அவ காலச் சத்தத்த மட்டும் கேட்டுப் பாருங்க, ஒரு எடம் பிசகல. ஒரு மிருதங்கக்காரர் கேட்டா ஒத்துக்குவாரு.

கண்ணு கீழ போறதுக்கு பயமும் ஒரு காரணம்னு எனக்குப் படுது. பக்கத்துல நிக்கிறது உலகத்துலயே பெரிய பாட்டுக்காரன்னு தன்னத் தானே சொல்லிக்கிற ஆளு, வீட்டுக்குப் போனாலும் அதே ஆளு. நானும் என் வீட்டுக்காரரும் கல்யாணமான புதுசுல ஒரு விழாவுல சேந்து ஆடினோம், அவரும் டான்ஸ் படிச்சவருதான். மேடையில ஒரு அடவு நான் முந்திட்டேன். வீட்டுக்கு வர்ற வரைக்கும் பஸ்ல ஒரு வார்த்தை பேசல அவரு. அதோட நிறுத்தியாச்சு. இப்ப அவரு நட்டுவாங்கம் மட்டும்தான்.

'ஷீ இஸ் எ லத்தீன் ஃப்ரம் மன்ஹாட்டன்' பாட்டையும் விட்டுறாதீங்க. ஸ்பெயின்காரி மாதிரி வேஷம் போட்டு ஆடுற பொண்ணு, விசாரிச்சா நியூயார்க்குலயே பக்கத்துத் தெரு அயர்லாந்துக்காரப் பொண்ணு, அதான் காமெடி. நடன அமைப்பு பாபி கொன்னொலி, இந்தப் பாட்டுக்காக ஆஸ்கர் நாமினேஷன் போச்சு, நடன அமைப்புக்குன்னு ஆஸ்கர் இருந்ததே 1935, 36, 37 மூணு வருஷப் படங்களுக்கு மட்டும்தான். அந்தக் காலத்து ஹாலிவுட் டான்ஸ் டைரக்டர் பஸ்பி பெர்க்லி மாதிரி மேல இருந்து கேமரா வச்சு நூறு பொண்ணுகளப் பூ மாதிரி விரிக்கிற வேலை இதுல இல்ல. அந்த மாதிரி பிரம்மாண்டத்த நம்மாளு வாசன் 'சந்திரலேகா' முரசு நடனத்துல பண்ணிட்டாரு, 1948.

மார்க்கெட் தெரு சிங்கை:

அண்ணே வணக்கம். நான் சிங்கப்பூர்ல இருக்கேன், பூர்வீகம் கோட்டையூர். அந்தக் கருப்புப் பூச்சு விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்றேன், அதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

அது வெறும் பழைய பேஷன் இல்லண்ணே. அமெரிக்காவுல அடிமை முறை இருந்த காலத்துலயே ஆரம்பிச்ச பழக்கம், வெள்ளைக்காரங்க மூஞ்சியில கரியப் பூசி வாயப் பெருசாக்கி கருப்பினத்தவங்களக் கோமாளியா காட்டி சிரிக்கிறது. ஜோல்சனோட பேரே அதுலதான் வந்துச்சு. இதுக்கு முந்தின வருஷம் 1934ல 'வொண்டர் பார்'னு ஒரு படம், அதுல கோவேறு கழுதை மேல ஏறி சொர்க்கத்துக்குப் போற ஒரு பாட்டு இருக்கு, அத இன்னைக்கு உக்காந்து பாக்கவே முடியாது, அவ்வளவு கேவலம். இந்தப் படத்துல அந்த அளவுக்கு இல்ல, ஆனா இருக்கு.

என் மக அமெரிக்காவுல படிக்கிறா, அவகிட்ட கேட்டேன். "அப்பச்சி, கிளாஸ்ல போட்டுக் காட்டுறாங்க, ஆனா முன்னாடி அரைமணி நேரம் பேசுவாங்க, அப்புறமும் பேசுவாங்க"ன்னா. சாந்தி வீட்டுல யாருக்கு அரைமணி நேரம் இருக்கு? அந்த எடம் வேணாம், 'குவார்ட்டர் டு நைன்' பாட்டுல சாதாரணமா கோட்டு சூட்டு தொப்பியோட வர்ற பகுதிய மட்டும் வெட்டிப் போட்டுருங்க. மறைக்கிறோம்னு நெனக்க வேணாம், கேக்குற பிள்ளைகளுக்கு உண்மையச் சொல்லிருங்க.

ஆனா ஒன்னு, அவங்களக் குத்தம் சொல்ற ஜோர்ல நம்மள மறந்துறக் கூடாது. நம்ம காரைக்குடி ஏ.வி.எம். செட்டியார் கம்பெனி எடுத்த 'நானும் ஒரு பெண்', 1963. கருப்பா இருக்குற பொண்ண யாரும் மதிக்க மாட்டேங்குறாங்கன்னு கதை. அந்தப் பொண்ணா நடிச்சது விஜயகுமாரி, நல்ல செவப்பான அம்மா, மேக்கப்புல கருப்பாக்கித்தான் நடிக்க வச்சாங்க. கிண்டலுக்கு இல்ல, அழ வைக்கிறதுக்கு, அதனால ரெண்டும் ஒன்னு இல்லன்னு எனக்கும் தெரியும். 'கண்ணா கருமை நிறக் கண்ணா' கேட்டு எங்க ஆத்தா இன்னைக்கும் கண்ணு கலங்குவாக. ஆனாலும் ஒரு கருப்பான பொண்ணுக்கு அந்த வேஷத்தக் குடுக்கல பாருங்க, அது நமக்கு இன்னைக்கு வரைக்கும் உறைக்கல.

தேவகோட்டை ரஸ்தா:

ஆகா, மார்க்கெட் தெரு தம்பி, சொன்னீங்களே ஒரு படம்! கானாடுகாத்தான் தம்பி இதக் குறிச்சுக்குங்க. 'நானும் ஒரு பெண்' படத்துல ஹீரோ எஸ்.எஸ். ராஜேந்திரன், ஹீரோயின் விஜயகுமாரி, நெஜ ஜோடி. அதுலயே ரெண்டாவது ஜோடி ராஜன் – புஷ்பலதா, அவுகளும் பின்னாடி கல்யாணம் பண்ணிக்கிட்டாக. ராஜனுக்கு முன்னாடி 'ஏ.வி.எம்.' ஒட்டிக்கிட்டதும் அந்தப் படத்துலதான். ஒரே படத்துல ரெண்டு ஜோடி, உங்களுக்கு வேற என்ன வேணும்?

ஆனா ஜோடின்னா எனக்கு என்.எஸ். கிருஷ்ணனும் மதுரமும்தான். 'வசந்தசேனா' படத்துக்காக புனே போன எடத்துல ஆரம்பிச்ச சிநேகம், 1936. அவுக ரெண்டு பேரும் பாடி ஆடுறப்ப பாருங்க, அவர் ஒரு வரி போட்டா அந்தம்மா அதத் திருப்பி அடிப்பாக, அவர் வேணும்னே தோத்துப் போவாரு. தோக்குறதுல அவருக்கு அம்புட்டு சந்தோசம். ஜோல்சனால ஜென்மத்துக்கும் அது முடியாது.

விவாகரத்துக்கு அப்புறம் நடந்ததையும் சொல்லிர்றேன். 1946ல ஜோல்சன் வாழ்க்கைக் கதைய 'தி ஜோல்சன் ஸ்டோரி'ன்னு படமா எடுத்தாங்க, லேரி பார்க்ஸ் வாயசைக்க, பின்னாடி கெழட்டு ஜோல்சனே பாடினாரு. ரூபி கீலர் எம் பேரப் போடக் கூடாதுன்னு கண்டிசனாச் சொல்லிருச்சு. வேற வழியில்லாம படத்துல பொண்டாட்டிக்கு ஜூலி பென்சன்னு பேர மாத்தி வச்சாங்க. பன்னெண்டு வருஷம் கூட வாழ்ந்துட்டு பேரு கூட இருக்கக் கூடாதுன்னு சொல்றதுன்னா எவ்வளவு நொந்துருக்கும். ஜோல்சன் 1950ல செத்துட்டாரு. அந்தம்மா மறுகல்யாணம் பண்ணி பிள்ளை குட்டியோட நிம்மதியா இருந்துச்சு, திடீர்னு 1971ல, வயசு அறுபத ஒட்டி, 'நோ நோ நானெட்'னு பிராட்வே நாடகத்துல வந்து அதே 'தொம் தொம்' டான்ஸ ஆடி ஊரையே எந்திரிச்சு நிக்க வச்சுச்சு. உங்க அப்பச்சிக்கும் அறுபதுதானே, இதச் சொல்லுங்க.

பள்ளத்தூர் பாண்டி:

ரஸ்தாண்ணே, ஒரு சந்தேகம். அந்தக் காலத்துல நம்ம படத்துல எல்லாம் நடிக்கிறவுகளே பாடணும், ஆர்மோனியக்காரன் மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு வாசிப்பான்னு சொல்லுவாங்களே. இவங்க அப்பவே ரிக்கார்டு பண்ணிட்டா வாயசைச்சாங்க? ஜோல்சன் வாய் சில எடத்துல ஒட்டல.

தேவகோட்டை ரஸ்தா:

பரவாயில்லயே பாண்டி, கவனிச்சுருக்க. ஆமா, 1935க்குள்ள அவங்க மொதல்ல பாட்டப் பதிவு பண்ணிட்டு அப்புறம் படம் பிடிக்கிற வேலைக்கு வந்துட்டாங்க. ஜோல்சன் ஒரு தடவ பாடின மாதிரி மறுதடவ பாடுற ஆளே இல்ல, அதான் வாயசைப்பு கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். நமக்கு 1938ல 'நந்தகுமார்'ல ஒருத்தர் நடிக்க இன்னொருத்தர் பாடுறத ஏ.வி.எம். மெய்யப்ப செட்டியார் கொண்டு வந்தாரு. அப்புறம் அவரே காரைக்குடி பக்கத்துல நம்ம தேவகோட்டை ரஸ்தாவுலயே கொட்டகை போட்டு ஸ்டூடியோ நடத்தினாரு, 1947ல வந்த 'நாம் இருவர்' அங்க எடுத்ததுதான். இப்ப அந்தப் பக்கம் போனா எடமே அடையாளம் தெரியாது.

கானாடுகாத்தான் பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, சாந்தி நல்லபடியா முடிஞ்சுச்சு, பதில் போட லேட்டாயிருச்சு, மன்னிச்சுக்குங்க.

மார்க்கெட் தெரு அண்ணே சொன்ன மாதிரியே வெட்டினேன். 'குவார்ட்டர் டு நைன்' ஒன்னு, 'லத்தீன் ஃப்ரம் மன்ஹாட்டன்' ஒன்னு, அப்புறம் என்.எஸ்.கே. – மதுரம் ரெண்டு காமெடி, 'நானும் ஒரு பெண்', ஜெமினி – சாவித்திரி, கடைசியில அப்பச்சி ஆத்தா கல்யாண ஆல்பம். ஒரு பிள்ளை மட்டும் பின்னாடி வந்து "இந்தாளு பிளாக்ஃபேஸ் பண்ணவன்தானே"ன்னு கேட்டுச்சு, ஆமான்னு சொல்லி, ஏன் வெட்டினேன்னும் சொன்னேன். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசிட்டு இருந்தோம். மத்தவுக என்.எஸ்.கே.க்குத்தான் விழுந்து விழுந்து சிரிச்சாக, பாண்டியண்ணன் சொன்னதுல பாதி நெசம்.

அப்பத்தாவுக்கு எம்பத்திநாலு, காது சரியாக் கேக்காது, சாய்வு நாற்காலியில உக்காந்து முறுக்குப் புழியிற பொம்பளயாளுகள மெரட்டிட்டே பாதிக் கண்ணுல பாத்துட்டு இருந்தாக. ஜோல்சன் பாட்டு ஓடி முடிஞ்சதும் என்னக் கூப்பிட்டு, "ஏண்டா, அவன் ஊரப் பாத்துப் பாடுறான், அவ தரையப் பாத்து ஆடுறா, நீ புருசன் பொண்டாட்டிங்கிற"ன்னாக. நான் ரஸ்தா அண்ணன் எழுதுனதையும் சலங்கை ஆச்சி எழுதுனதையும் அவுகளுக்கு வாசிச்சே காட்டல. அப்புறம் அந்த ஒடஞ்ச பிளேட்டக் காட்டி இதுதான் அந்தப் பாட்டுன்னேன். "எங்க மாமனார் இத ஓட விட்டு நான் கேட்டதே இல்ல, கிட்டப்பா பாட்டுதான் ஓடும்"னாக. அப்ப எதுக்கு வாங்குனாகன்னு யாருக்கும் தெரியல.

ஒரு டெக்னிக்கல் விஷயம், வேற யாராவது இந்த மாதிரி வீட்டுல புரொஜெக்டர் வைக்கிறதா இருந்தா உதவும். பட்டாலை, அதான் கூடத்துச் சுவத்துலயே நேரா அடிச்சுறலாம், வெள்ளையாத்தானே இருக்குன்னு நெனச்சேன். சுண்ணாம்புல முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைச்ச சுவரு, கண்ணாடி மாதிரி பளபளக்குது, படத்துக்கு நடுவுல புரொஜெக்டர் லைட்டு நெலா மாதிரி வட்டமாத் தெரியுது, ஜோல்சன் மூஞ்சியே தெரியல. கடைசியில ரெண்டு தேக்குத் தூணுக்கு நடுவுல கயிறு கட்டி அப்பச்சியோட எட்டு முழ வேட்டிய விரிச்சு நாலு பக்கமும் கிளிப்பு போட்டோம். கஞ்சி போடாத வேட்டியா எடுங்க. கஞ்சி போட்டா அந்த மடிப்பு ஹீரோயின் மூஞ்சிக்கு நேரா வரும்.

சலங்கை காரைக்குடி:

அப்பத்தாவ எங்க கிளாசுக்கு ஒரு நாள் கூட்டிட்டு வாங்க தம்பி, அரங்கேற்றத்துக்கு முன்னாடி எங்க பிள்ளைக ஆட்டத்த ஒரு தடவ பாத்துச் சொல்லட்டும். அந்த ஒடஞ்ச பிளேட்டத் தூக்கிப் போட்டுறாதீங்க.